எலுமிச்சம்பழம் நசுங்காத கதை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதையில் நான் கண்ணால் பார்த்தது ஒரு டீ குடிக்கிற நேரத்துக்குத்தான். மயிலாப்பூரில் ஒரு சின்னப் பிள்ளையார் கோயிலுக்கு எதிரே நின்றுகொண்டிருந்தேன். கோயில் வாசலில் புத்தம்புது மோட்டார் சைக்கிள் ஒன்று மாலை, சந்தனம், குங்குமம் சகிதம் பூஜைக்கு நின்றது. இரண்டு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். மேலே உட்கார்ந்திருந்த பெண் ஸ்டார்ட் செய்தாள், வண்டி உறுமியது. கியர் போட்டாள், வண்டி செத்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி உறுமல், மறுபடி சாவு. அவளை இறக்கிவிட்டு ஓர் ஆண்பிள்ளை ஏறினான். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு ஜம்மென்று கிளம்பியது. கூட்டம் கைதட்டிக் கன்னத்தில் போட்டுக்கொண்டது. நான் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்தேன், அதோடு டீயை மறந்துவிட்டேன்.

மற்றதெல்லாம் கற்பனை. (பக்கத்தில் பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாள், "இன்னா சார் இது, வண்டி கூட ஆளு பாத்துதான் போவுது" என்றாள். அவள் கற்பனை இல்லை.)

2

முதல் வரிக்கு நடந்த முயற்சிகள்:

'மந்தைவெளியில் பொழுது விடிந்தபோது லாவண்யாவின் கனவில் ஒரு—' வேண்டாம். கனவில் தொடங்கும் கதையை நானே படிக்கமாட்டேன்.

'பெண்ணின் விடுதலை இரண்டு சக்கரங்களின் மேல்—' ஐயோ. பள்ளிக்கூடக் கட்டுரைப் போட்டி.

'லாவண்யா தன் சம்பளத்தில் வண்டி வாங்கினாள்.' இது போதும்.

அவளுக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை, லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில். ஊரில் எந்த லிஃப்ட் நின்றாலும் இவள் போய் நிற்கவேண்டும். அப்பா சுயம்புலிங்கத்துக்குத் தி.நகரில் பாத்திரக்கடை, சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். ஸ்கூட்டர் என்றால் சரி என்றார். அவளுக்கு மோட்டார் சைக்கிள்தான் வேண்டும். ஏன் என்று கேட்காதீர்கள், பையன்களிடம் யாரும் கேட்பதில்லை. கொஞ்ச நாள் வீட்டில் பேச்சுவார்த்தை சோறு, குழம்பு, மோர் என்ற அளவோடு நின்றது. கடைசியில் அவர் இறங்கிவந்தார்.

"பிள்ளையார் முன்னால பூசை போட்டு எடு. அவரு சரின்னா எனக்கும் சரி."

தப்பித்துக்கொள்ளச் சொன்ன பேச்சு அது. இவர் பாரத்தைப் பிள்ளையார் தலையில் இறக்கிவிட்டார்.

3

இங்கே கதையைக் கொஞ்சம் ஓரங்கட்டிவிட்டு இன்னொன்றைச் சொல்லவேண்டும்.

சைடு ஸ்டாண்டு கீழே இருக்கும்போது கியர் விழுந்தால், இப்போது வருகிற வண்டிகள் பல தாமாகவே இன்ஜினை நிறுத்திவிடுகின்றன. புதிதாக ஓட்டுகிறவர் ஸ்டாண்டை மடக்க மறந்து கிளம்புவார், முதல் திருப்பத்தில் அது தரையில் இடித்து ஆளைத் தூக்கிப்போடும். அது நடக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. ஒரே குறை, தான் ஏன் நின்றேன் என்று வண்டி வாயைத் திறந்து சொல்லாது. மீட்டரில் ஒரு சின்ன விளக்கு எரியும், அவ்வளவுதான். அந்த விளக்கின் மேல்தான் லாவண்யாவின் அம்மா தங்கபுஷ்பம் பக்தியோடு சந்தனத்தை அப்பியிருந்தாள்.

இந்த வசதி வருவதற்கு முன்னால் அந்த வேலையை யார் பார்த்தார்கள்? நாம்தான். ஸ்டாண்டை மடக்காமல் ஒருவன் போனால் இந்த ஊரே கத்தும். பஸ் ஜன்னலிலிருந்து கத்தும், ஆட்டோவிலிருந்து கத்தும், எதிர்ப் பிளாட்ஃபாரத்திலிருந்து காலை ஆட்டிக் காட்டும். வழி கேட்டால் வேண்டுமென்றே சுற்றிவிடுகிறவன்கூட இதில் யோக்கியன். சுயம்புலிங்கம் இந்தக் கலையில் மன்னர். கடைக்குள் உட்கார்ந்தபடியே "ஸ்டாண்டு! ஸ்டாண்டு!" என்று தெருவை அதிரவைப்பார். ஒருமுறை ஒருவனுக்குக் காதில் விழவில்லை என்று, தோசைக்கல் வாங்க வந்த அம்மாளைக் கல்லும் கையுமாக விட்டுவிட்டுப் பனகல் பூங்கா வரை ஓடியிருக்கிறார்.

அப்படிப்பட்டவர் கோயில் வாசலில் ஏன் கத்தவில்லை? ஓடுகிற வண்டியைப் பார்த்தால்தான் நமக்குக் கத்தத் தோன்றும். இது ஓடவே இல்லை. தவிர, எல்லார் கண்ணும் எலுமிச்சம்பழத்தின் மேல் இருந்தது.

4

"இன்னொரு தரம் ஸ்டார்ட் பண்ணும்மா. பகவான் எங்கேயும் போயிட மாட்டார்" என்றார் வேம்பு குருக்கள். மூன்றாவது முறையும் நின்றதும் அவரும் கற்பூரத் தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"ஏட்டி, எறங்கு" என்றார் அப்பா. சத்தமாகச் சொல்லவில்லை. அதனால்தான் லாவண்யா உடனே இறங்கிவிட்டாள்.

ஏறியவன் பாலகணேஷ், அத்தை மகன்.* கடையில் அப்பாவுக்கு வலதுகை. உட்கார்ந்த கையோடு அவன் குதிகால் ஸ்டாண்டைத் தட்டி மடக்கியது. பழம் நசுங்கியது.

"பாத்தியா?" என்றார் அப்பா. "ஸ்டார்ட்டெல்லாம் ஆவுது. ஒன்னைய ஏத்திக்கிட்டுப் போவத்தான் மாட்டேங்கு. கணேசே வச்சிக்கிடட்டும். திங்கக்கெழம வந்து எடுத்துட்டுப் போவட்டும்."

லாவண்யாவுக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. உனக்கு ஓட்டத் தெரியவில்லை என்றால் கற்றுக்கொண்டு வந்து காட்டலாம். கடவுளுக்கே பிடிக்கவில்லை என்றால் எங்கே போய்ச் சண்டை போடுவது?

* அத்தை மகன் என்றதும் கல்யாண மண்டபம் வரை போய்விடாதீர்கள். அவனுக்கு மனைவியும் இரட்டைப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

5

பாலகணேஷ் தெரிந்தே செய்தானா? முதல் வரைவில் அவனை வில்லனாக்கியிருந்தேன். முறுக்கு மீசை கொடுத்தேன். 'பொம்பளைக்கு எதுக்கு இதெல்லாம்' என்று ஒரு வசனமும் கொடுத்தேன். வில்லன் கிடைத்துவிட்டால் எழுத்தாளனுக்குப் பாதி வேலை மிச்சம். ஆனால் அவன் ஒத்துழைக்கவில்லை.

"அண்ணாச்சி, காலு தன்னால எடுத்துச்சு. ஸ்டாண்டு கீழ கெடந்ததே எனக்குத் தெரியாது. எல்லாரும் கைதட்டுனாவ, நானும் சிரிச்சேன். இதுல எந்தப் பாவத்த கண்டீய?"

லாவண்யா நின்றுகொண்டிருந்தாளே, அவளை ஒருதரம் பார்த்தாயா என்று கேட்டேன். அவன் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான். நானும் மீசையைத் திரும்ப வாங்கிக்கொண்டேன்.

6

அன்று மாலை லாவண்யா அதீபாவுக்கு ஃபோன் செய்தாள். அடையாறில் இருக்கும் தோழி. அதீபாவின் பழைய வண்டியில்தான் லாவண்யா ஓட்டப் பழகியது. ஒவ்வொரு தடவையும் அதீபா ஸ்டாண்டை மடக்கி, வண்டியை நிமிர்த்திப் பிடித்துக்கொள்வாள். இவள் மகாராணி மாதிரி ஏறி உட்காருவாள்.

"ஸ்டாண்டு எடுத்தியா?" என்று கேட்டாள் அதீபா.

"எந்த ஸ்டாண்டு?"

மறுமுனையில் அதீபா தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. பிறகு, "லூசு" என்று வந்தது.

பாலகணேஷ் வண்டியைக் கொண்டுவந்து விட்டுப்போயிருந்த அபார்ட்மெண்ட் பார்க்கிங்குக்கு லாவண்யா ஓடினாள். ஸ்டாண்டோடு கியர் போட்டாள், நின்றது. மடக்கிவிட்டுப் போட்டாள், நிற்கவில்லை. தூணைப் பிடித்துக்கொண்டு தனியாகச் சிரித்தாள். பிறகு மாடிப்படிகளை இரண்டிரண்டாகத் தாவி ஏறிப்போய் அப்பாவிடம் மூச்சுவாங்க விளக்கினாள். சுயம்புலிங்கம் பொறுமையாக எல்லாவற்றையும் கேட்டார்.

"சரி. ஸ்டாண்டுன்னே வச்சிக்கிடுவோம். பிள்ளையார் முன்னால வச்சு அது ஒனக்கு எதுக்கு மறந்துச்சு? அதுக்குப் பதில் சொல்லு."

இந்த வசனத்தை எழுதியவன் நான்தான். ஆனால் சத்தியமாக என்னிடம் பதில் இல்லை.

7

இந்த இடத்தில் எண்ணெய்க் கறைச் சட்டையோடு ஒரு மெக்கானிக்கை உள்ளே அனுப்பி, எல்லாருக்கும் புத்தி சொல்லவைப்பது வழக்கம். எனக்கு அவரைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டது. வேறு முடிவு தேடுவோம்.

முடிவு அ: பாலகணேஷ் வண்டியில் ஏறும்போது லாவண்யா அவனுக்குத் தெரியாமல் காலால் ஸ்டாண்டை இறக்கிவிடுகிறாள். அவனுக்கும் வண்டி நிற்கிறது. ஆகா என்று நானே தொடையில் தட்டிக்கொண்டேன். தங்கபுஷ்பம் என் காதோரம் வந்து, "அப்பம் வண்டியே ராசி இல்லன்னு சொல்லிருவாவ. வித்துத்தான் மறுவேல பாப்பாவ" என்றாள். முப்பது வருஷமாகச் சுயம்புலிங்கத்தோடு குடித்தனம் நடத்துகிறவள். அந்த முடிவை அடித்துவிட்டேன்.

முடிவு ஆ: லாவண்யா வீட்டை விட்டு வெளியேறி அடையாறில் தனியே அறை எடுத்து, வண்டியை வாசலில்— அவள் ஏன் வெளியேறவேண்டும்? அவளுக்கு அந்த மனிதரைப் பிடிக்கும். யாரென்றே தெரியாத ஒருவனுக்காகப் பனகல் பூங்கா வரை ஓடியவர் என்று ஆபீஸில் பெருமையடித்துக்கொள்கிறவள் அவள். இந்தக் கதையின் சங்கடமே அதுதான். வண்டியும் வேண்டும், அவர் வாயால் போ என்றும் சொல்லவேண்டும். ஒன்று கிடைத்து இன்னொன்று கிடைக்காவிட்டால் அவளுக்கு இரண்டும் இல்லை.

8

திங்கட்கிழமை காலை, மந்தைவெளி. அபார்ட்மெண்ட் கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு சுயம்புலிங்கம் நின்றார், நெற்றி நிறையத் திருநீறு. பாலகணேஷ் சாவிக்காகக் கையை நீட்டினான். ஹெல்மெட்டோடு இறங்கிவந்த லாவண்யா அந்தக் கையைத் தாண்டிப் போனாள். வாடிய மாலையைக் கழற்றினாள். துப்பட்டா நுனியால் மீட்டரில் காய்ந்திருந்த சந்தனத்தைத் துடைத்தாள். ஏறி உட்கார்ந்து வண்டியை நிமிர்த்தி, ஸ்டார்ட் செய்தாள். ஸ்டாண்டு கீழேயே இருந்தது. வேண்டுமென்றேதான்.

"லாவண்யா, ஸ்டா—" என்று ஆரம்பித்தான் பாலகணேஷ்.

"அத்தான், நீங்க சும்மா இருங்க."

அவன் நீட்டிய கையை இழுத்துக்கொண்டான். அவள் அப்பாவைப் பார்த்தாள்.

"போயிட்டு வாரேன்ப்பா."

கிளட்சைப் பிடித்தாள். கால் கியரின் மேல் இருந்தது.

சுயம்புலிங்கம் ஸ்டாண்டைப் பார்த்துவிட்டார். பேசாமல் இருந்தால் போதும், வண்டி நிற்கும், இந்த முறையும் பிள்ளையார் அவர் கட்சி. வாயைத் திறந்தாரோ, அந்த ஒரு சொல்லோடு எல்லாம் போயிற்று. அன்றைக்கு வண்டியை நிறுத்தியது ஸ்டாண்டுதான் என்று ஆகிவிடும். மகளிடம் பத்திரமாகப் போ என்று சொன்னதாகவும் ஆகிவிடும். போகிற வருகிறவனுக்கெல்லாம் கத்தியவர் கேட்டுக் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

நான் இத்தோடு எழுந்துகொள்கிறேன். அவரைக் கத்தவைத்தும் எழுதிப்பார்த்தேன், வாயை இறுக்கி நிற்கவைத்தும் எழுதிப்பார்த்தேன். இரண்டிலும் என் குரல்தான் கேட்டது. அதனால் அவரை உங்கள் பொறுப்பில் விட்டுவிடுகிறேன். எப்படியும் நீங்களும் அந்தக் கேட்டுக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். ஸ்டாண்டு கீழே இருக்கிறது. ஒரு பெண் கிளம்பப்போகிறாள். கியர் இன்னும் விழவில்லை.

உங்கள் வாய் சும்மா இருக்குமா?