ஆட்டுக்கு ஒரு ரீடேக்

மட்டாஞ்சேரிச் சுவரில் நான் ஒட்டியிருந்த காகித ஓவியத்தில் பாதியைக் காணோம். கிழித்தது யாரென்று தெரியாது. தெரிந்தவன்போல, "என் கலைக்குப் பயந்த அதிகாரத்தின் வேலை இது!" என்று என்னைப் பற்றி எடுக்கும் ஆவணப்படத்தின் கேமரா முன் பேசினேன். பேசி முடித்ததும் ஓர் ஆடு வந்து, மைதாப் பசையோடு மீதியையும் தின்றது.

இயக்குநர் ஸுப்ரியா பூரித்துப்போனாள். "இதுதான் சேட்டா உண்மை! ஆனா கேமராவ ஆஃப் பண்ணிட்டேனே. இன்னொண்ணு ஒட்டுங்க, ஆடு திங்கட்டும்."

வெட்கத்தை விட்டு ஒட்டினேன். பசையில் வெல்லம்கூடக் கலந்தேன். ஆடு முகர்ந்தது, என்னை ஒருமுறை பார்த்தது, எதிர்ச்சுவரிலிருந்த மூல வைத்தியர் போஸ்டரைத் தின்னப் போய்விட்டது.

படத்தில் இப்போது என் பொய் மட்டும்தான் இருக்கிறது. அது முதல் டேக்கிலேயே ஓகே.