ரேவதி எறியாத பந்து

"ரேவதியை அனுப்பிடுங்க சார். டீம்ல என்னை வெச்சுக்குங்க."

இதை மட்டும் கேட்டுவிடாதே என்று கோச் பிரபாகர் சார் வாசலிலேயே சொல்லியிருந்தார். உன் ஆட்டத்தைப் பற்றிப் பேசு, முட்டி சரியாகிவிட்டது என்று சொல், ஆனால் இன்னொருத்தியை அனுப்பச் சொல்லி ஒரு பிளேயர் வாயைத் திறக்கக் கூடாது. நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே கேட்டுவிட்டேன். பக்கத்தில் இருந்த கோச் கண்ணை மூடிக்கொண்டார்.

முதலாளி சந்திரமோகன் சிரித்தார். "என்ன பிரபாகர், புள்ள எடுத்த எடுப்புலயே கோல் போடுது?"

காரிமங்கலத்தில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவர் அவர். எங்கள் பெண்கள் கூடைப்பந்து அணியும் அவருடையதுதான், சம்பளம் கொடுத்து ஆட வைக்கிற லீக். இந்த வருஷம் மாங்காய் ஏமாற்றிவிட்டது. இரண்டு கார்டுக்குக் கட்டுப்படியாகாது, ஒருத்திதான் என்றுவிட்டார். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், மற்ற நான்கு பேரும் எங்கே ஓட வேண்டும் என்று கத்துகிறவள்தான் கார்டு. நான் ஒருத்தி. ரேவதி இன்னொருத்தி.

ரேவதி சித்தேரி மலைக்காரி. பத்தொன்பது வயது. என்னைவிட நன்றாக ஆடுகிறாள். இதை எழுதக் கை கூசுகிறது. அவளிடம் ஒரே குறை, கோர்ட்டிலும் மரியாதை. "அக்கா, அந்தப் பக்கம் ஓடுங்க" என்பாள். கோச் தலையில் அடித்துக்கொள்வார். "இதென்ன கல்யாண வூடா? பந்தி பரிமாறுறியா? பேரைச் சொல்லிக் கத்து!" சரிங்க சார் என்பாள். அடுத்த பந்துக்கே என்னைப் பார்த்து, "மணியக்கா, வாங்க!" மூத்தவள் ஒன்றைக் கேட்டால் இல்லை என்று சொல்ல அவளுக்கு வாய் வராது.

சேலத்தில் நடந்த கடைசி ஆட்டத்தின் கடைசி நொடிகளில் ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். கூடைக்கு அடியில் பந்தோடு அவள் நின்றாள், மறிக்க ஆளே இல்லை. நான் தூரத்தில், மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டு, "எனக்குக் குடு!" என்று கத்தினேன். கொடுத்துவிட்டாள். நான் எறிந்தது வளையத்தில் பட்டு வெளியே விழுந்தது.

அந்தக் காட்சியைத்தான் சந்திரமோகன் இப்போது போனில் ஓடவிட்டார். கூட்டத்தின் இரைச்சல் மட்டும் கேட்டது. என் குரல் இல்லை. என் முகமும் இல்லை, முதுகுதான்.

"இந்தப் புள்ள ஏம்மா போடல? பக்கத்துல ஒரு ஈ காக்கா இல்லையே?"

"பயம் சார்."

கோச் சட்டென்று திரும்பினார். "பயமா? அவளுக்கா? மணி, நீ பந்தக் கேட்டியா?"

எனக்கு இருபத்தேழு வயது. முட்டியில் கத்தி வைத்தாயிற்று. எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்த பி.காம்.ஐ வைத்துக்கொண்டு தர்மபுரியில் ஒரு துணிக்கடையில் நாள் முழுக்க நின்றேன், உட்கார ஸ்டூல் கூட இல்லை. மறுபடி அங்கே போய் நிற்க மாட்டேன். ரேவதிக்கு என்ன ஆகும் என்பதும் எனக்குத் தெரியும். "டீம்ல இருக்கற வரைக்குந்தாங்க்கா என்னை வுட்டு வெச்சிருக்காங்க. இல்லாட்டி மாமன் மவனுக்குக் கட்டிடுவாங்க" என்று என் பக்கத்துப் பாயில் படுத்துக்கொண்டு சொன்னவள் அவள். எதுவும் தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

"இல்லைங்க சார். நான் கேக்கல. அவளாத்தான் தள்ளிவுட்டா."

கோச் என்னையே பார்த்தார். நான் போனைப் பார்த்தேன்.

"அதான பாத்தேன்," என்றார் சந்திரமோகன். "கடைசி நேரத்துல நெஞ்சு வேணுமில்ல? நீயே இரும்மா. மலைப் புள்ளையப் பக்குவமாச் சொல்லி அனுப்பிடலாம்."

மலைப் புள்ளை. அவளுக்குப் பெயர் இல்லையா? எனக்குச் சுர்ரென்று வந்தது. "அது நல்லா ஆடற புள்ள சார்," என்றேன்.

"அந்தப் புள்ளயத்தானம்மா நீ வேண்டாங்கற?" என்று மறுபடி சிரித்தார். கோச் சிரிக்கவில்லை. எனக்குக் காது சுட்டது.

அவளை உள்ளே அனுப்பு என்றார் முதலாளி. எழுந்து வந்தேன். கதவருகில் ரேவதி நின்றிருந்தாள். தலையை வழித்து வாரி, என் பையையும் சேர்த்துத் தோளில் மாட்டியிருந்தாள்.

"திட்டுனாங்களாக்கா? மூஞ்சி ஏன் இப்படி இருக்குது?"

"ஒண்ணுமில்ல."

"முட்டியப் பத்திக் கேட்டா, நல்லாயிடுச்சுன்னு நானும் சொல்றங்க்கா. நேத்து ஓடுனதப் பாத்தனே."

நான் திறந்துகொண்டு வந்த கதவு இன்னும் மூடவில்லை. நான்கு அடி திரும்பி வைத்து, ஆமாம் சார், கேட்டேன், கத்திக் கேட்டேன் என்று சொல்லியிருக்கலாம். பையை அவள் தோளிலிருந்து கழற்றிக்கொண்டேன்.

"உன்னைக் கூப்புடறாங்க. போ."

செருப்பை ஓரமாக விட்டுவிட்டு உள்ளே போனாள். நான் ஆலையின் முற்றத்தில் இறங்கினேன். பின்னாலிருந்து கோச், "மணி!" என்று கூப்பிட்டார். இரண்டாம் முறையும் கூப்பிட்டார். கேட்டைத் தாண்டி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.