சாப்பாட்டு மேசையில் ஹெல்மெட்

எங்கள் வீட்டில் அப்பா ஹெல்மெட் போட்டுக்கொண்டுதான் சாப்பிடுவார். சிரிக்க வேண்டாம். என் தம்பி ஜோஷுவாவுக்கு இருபத்துநான்கு வயது. மூளை வளர்ச்சி குறைவு, கை பலத்தில் ஒரு குறையும் இல்லை. கோபம் வந்தால் எதிரே இருப்பவரின் தலைதான் முதலில் அகப்படும். அப்பாவுக்கு இரண்டு முறை தையல் பிரித்தவள் நான். நர்ஸுக்குப் படித்தது வீண்போகவில்லை.

மாத்திரைகள் எதுவும் கேட்காததால், பெங்களூரில் அவன் மூளைக்குள் இரண்டு மெல்லிய கம்பிகளை வைத்தார்கள். மார்புத் தோலுக்கடியில் ஒரு பேட்டரி. அதிலிருந்து போகும் சிறு மின்சாரம் கோபத்தைத் தணிக்கும் என்று நம்பலாம், உறுதி கிடையாது என்றார் டாக்டர். பலிக்காவிட்டால் ஸ்ரீரங்கப்பட்டணம் பக்கம் ஒரு காப்பகம். அதற்கான விண்ணப்பத்தில் அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார், அம்மா போடவில்லை. ஃப்ரிட்ஜ் மேல் கிடந்த அந்தக் காகிதத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மின்சார அளவை மூன்று தடவை மாற்றினார்கள். பிறகு ஆறு வாரமாக ஜோஷுவா யாரையும் அடிக்கவில்லை. அப்பாதான் ஹெல்மெட்டைக் கழற்றவில்லை.

"இன்னும் எதுக்குப்பா இந்த வேஷம்?" என்றேன். அப்பா பாதிக் கன்னடத்தில் பதில் சொன்னார்.

"சும்னே இரு ஈவ்லின். நம்பிட்டு அப்புறம் ஏமாந்தா, உங்கம்மா தாங்கமாட்டா."

ஞாயிற்றுக்கிழமை, கோழிக்குழம்பு. பாதிச் சாப்பாட்டில் ஜோஷுவா எழுந்து அப்பாவை நோக்கிக் கையை ஓங்கினான். பழக்கதோஷம், அம்மா குழம்புச் சட்டியோடு மேசைக்கடியில் புகுந்தாள். நான் ஃப்ரிட்ஜுக்குப் பின்னால். அப்பா கண்ணை இறுக மூடிக்கொண்டார்.

'கடக்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். ஜோஷுவா ஹெல்மெட்டின் வாரைக் கழற்றியிருந்தான். இரண்டு கையாலும் அதைத் தூக்கி நாற்காலியில் வைத்துவிட்டு, வியர்த்திருந்த அப்பாவின் வழுக்கையைத் தடவினான்.

"அப்பா, ஊட்டா," என்று சாப்பாட்டுத் தட்டைக் காட்டினான்.

அப்பா அழுதுகொண்டே சாப்பிட்டார். நானும் அழுதேன், ஒப்புக்கொள்கிறேன். "ஒரு சொட்டுக்கூட சிந்தல," என்று அம்மா மேசைக்கடியிலிருந்து வந்தாள். கை கழுவியதும் அந்த விண்ணப்பத்தைக் கிழித்துக் குப்பையில் போட்டாள்.

வீட்டிலும் ஹெல்மெட் மாட்டத் தொடங்கிய இந்த ஆறு வருஷத்தில் அப்பா அது இல்லாமல் ஸ்கூட்டர் எடுத்ததில்லை. தலையை விட்டு இறங்கினால்தானே மறப்பதற்கு? மறுநாள் காலை தேவராஜ மொஹல்லாவில் போலீஸிடம் மாட்டிக்கொண்டார். அபராதச் சீட்டோடு வீட்டுக்கு வந்தவர் முகமெல்லாம் பல்.

"ஹெல்மெட் எல்லி, எங்கேன்னு கேட்டாரும்மா. வீட்ல மறந்துட்டேன் சார்னு சொன்னேன்!"