நீலக் கோடு

மரியாதை கெட்டுப்போன உலகம் என்று தினமும் பத்துத் தடவையாவது நான் சொல்லிவிடுவேன். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ஊருக்கே கேட்கிற மாதிரி போனில் வீடியோ பார்ப்பார். சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்களேன் என்றால் முறைப்பார். லிஃப்டில் இறங்குகிறவர்களுக்கு வழி விடாமல் முட்டிக்கொண்டு ஏறுவார்கள். சிக்னல் விழுந்து அரை விநாடி தாமதித்தால் போதும், பின்னாலிருந்து அம்மா, அக்கா எல்லாரையும் இழுத்துத் திட்டுவார்கள். காது கூசும். வீட்டுக்கு வந்ததும் அத்தனையையும் மனைவியிடம் ஒப்பிப்பேன். "ஆமாங்க, உலகத்துல நீங்க ஒருத்தர்தான் பாக்கி" என்பாள். அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டிருந்தேன்.

என் வேலையே மரியாதையை அளப்பதுதான். ஒரு வாடிக்கையாளர் சேவை மையத்தில் தர ஆய்வாளர். எட்டுக் கம்பெனிகளுக்கு வரும் புகார் போன்களை எங்கள் ஆட்கள்தான் எடுக்கிறார்கள். கூப்பிடுகிறவர் கம்பெனியோடு பேசுவதாக நினைத்துக்கொள்வார். பதிவான அழைப்புகளில் நாளொன்றுக்கு நாற்பதைக் கேட்டு நான் மார்க் போட வேண்டும். வணக்கம் சொன்னால் ஐந்து. மன்னிப்புக் கேட்டால் ஐந்து. மூன்று விநாடிக்கு மேல் பேசாமல் இருந்தால் பத்து வெட்டு. வாடிக்கையாளருக்கு அறிவுரை சொன்னாலோ மொத்தமும் பூஜ்யம். போன் எடுக்கும் பிள்ளைகள் எனக்கு 'மைனஸ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்குத் தெரியாது என்று அவர்களுக்கு நினைப்பு.

நாற்பது அழைப்பையும் முழுதாகக் கேட்டால் வீடு போய்ச் சேர முடியாது. அதற்கு எங்களிடம் ஒரு குறுக்குவழி உண்டு. திரையில் ஒவ்வோர் அழைப்பும் இரண்டு கோடுகளாக ஓடும். மேலே நீலம், அது வாடிக்கையாளர் குரல். கீழே பச்சை, அது எங்கள் ஆள். மார்க் பச்சைக்கு மட்டும்தான். அதனால் நீலத்தைத் தாண்டிவிட்டு, பச்சை வருகிற இடங்களில் மட்டும் நிறுத்தி, அதையும் ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்போம். விதிப்படி தப்புதான். ஏழு வருஷத்தில் யாரும் என்னைக் கேட்டதில்லை.

பதினேழாம் இருக்கையில் உட்காரும் பெண்ணுக்கு நான் பூஜ்யம் போட்டதும் அப்படித்தான். அவளை எல்லாரும் 'பதினேழு' என்றே கூப்பிடுவோம். சேர்ந்து எட்டு மாதம். அவள் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது என்று கேள்வி. அந்த அழைப்பில் ஓரிடத்தில் இரண்டு கோடும் நாலு விநாடி அசையாமல் கிடந்தன. பிறகு அவள் குரல் வந்தது: "சார், தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல குழந்தை இருக்கு. அதுக்காகவாவது இந்த வார்த்தை வேணாம்." குழந்தையாம், குழந்தை! போனில் பேசுகிறவர் பக்கத்தில் யார் இருந்தால் இவளுக்கு என்ன? 'அறிவுரை கூறினார், தேவையற்ற தனிப்பட்ட பேச்சு' என்று குறிப்பெழுதி அடுத்ததற்குப் போய்விட்டேன்.

அந்தக் காலாண்டில் அவளுக்கு அது மூன்றாவது பூஜ்யம். மூன்று விழுந்தால் வேலை போகும். முதல் இரண்டும்கூட என் கைவண்ணம்தான்.

அவள் மேல்முறையீடு செய்தாள். படிவத்தில் காரணம் எழுத அரைப் பக்கம் இடம் உண்டு. சிலர் ஓரத்தில்கூட எழுதித் தள்ளுவார்கள். அவள் ஒரே வரிதான் எழுதியிருந்தாள்: 'தயவுசெய்து முழு அழைப்பையும் கேட்கவும்.'

வியாழக்கிழமை காலை பதினோரு மணிக்கு விசாரணை. சின்ன அறை, மங்கலான கண்ணாடிக் கதவு, மேஜை மேல் ஒரு ஸ்பீக்கர். மேலாளர் அம்மாள் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துக்கொண்டே கேட்டார்.

"நீங்க இதை முழுசா கேட்டுத்தானே மார்க் போட்டீங்க?"

"முழுசா கேட்டேன் மேடம்" என்றேன். கூசாமல் வந்தது.

எதிரில் பதினேழு கைகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்னை ஒரு தடவை பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டாள். பயம் என்று நினைத்தேன். மேலாளர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் அவளுடைய வணக்கம். பிறகு ஓர் ஆண் குரல். ஸ்பீக்கரில் அது தகரத்தைத் தட்டுகிற மாதிரி வந்தது. மூன்று நாளாக ஆள் வரவில்லை, தண்ணீர் கூடம் வரை வந்துவிட்டது, நீங்களெல்லாம் எதற்குச் சம்பளம் வாங்குகிறீர்கள் என்று கத்தினான். யாரோ ஒரு முரட்டு ஆசாமி என்றுதான் எனக்கும் பட்டது. அப்போது அந்தக் கத்தலுக்குப் பின்னால், தூரத்தில், ஒரு குழந்தை வாய்ப்பாடு சொல்வது கேட்டது. ஏழாம் வாய்ப்பாடு.

"ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழெட்டு அம்பத்தி நாலு."

ஏழெட்டு அம்பத்தி நாலு என்று உலகத்தில் எத்தனையோ குழந்தைகள் சொல்லலாம். ஆனால் 'அம்பத்தி'யில் ஒரு தடவை நின்று, மூச்சு வாங்கி, பிறகு தைரியமாகத் தப்பைச் சொல்வது என் மகள் மட்டும்தான்.

மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஒழுகிக்கொண்டிருந்த வாஷிங் மெஷின் மனைவி பேரில் வாங்கியது. கால் நனைய நின்றுகொண்டு, மெஷின் மேல் ஒட்டியிருந்த நம்பரைப் பார்த்து அடித்தேன். அந்தக் கம்பெனி அந்த மாதம்தான் எங்களிடம் வந்து சேர்ந்திருந்தது. சுற்றறிக்கையை நான் படிக்கவில்லை. எதிர்முனையில் யார் பேசினார்கள் என்று எனக்கு எப்படித் தெரியும்? நான் எங்கே கேட்டேன், கத்தத்தானே செய்தேன்.

ஸ்பீக்கரில் அந்த வார்த்தை வந்தது. பிறகு பதினேழின் தாயைப் பற்றி இன்னொன்று. இங்கே அதை எழுத எனக்குக் கை வரவில்லை. அன்றைக்கு வாய் மட்டும் வந்திருக்கிறது. வாய்ப்பாடு நின்றுபோயிற்று. நாலு விநாடி ஒரு சத்தமும் இல்லை. பிறகு அவள் குரல், ஒன்றரை மடங்கு வேகம் இல்லாமல், மெதுவாக: "சார், தப்பா நினைக்காதீங்க. பக்கத்துல குழந்தை இருக்கு..."

அதற்கு நான் சொன்ன பதிலும் பதிவாகியிருந்தது. அதோடு போனை வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு நடந்தது பதிவில் இல்லை. மகள் நோட்டை மூடிவிட்டு வந்து, "அப்பா, அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்?" என்று கேட்டாள். போய்ப் படி என்று அவளையும் விரட்டினேன்.

மேலாளர் பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டார். "எந்தக் காட்டுல இருந்து வர்றாங்க இவங்கெல்லாம்? பெத்த குழந்தையைப் பக்கத்துல வச்சுக்கிட்டு!"

அவர் என் பக்கம் திரும்பினார். நான்தான் என்று சொல்ல அதைவிட நல்ல நேரம் கிடைத்திருக்காது. நாக்கு வேறு ஏதோ சொல்லிற்று.

"ஆமா மேடம். வளர்ப்பு அப்படி."

சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. இந்த வயதில் என் தாய்தகப்பனை நானே இழுத்துத் திட்டியிருக்கிறேன். ஆனாலும் அது நான்தான் என்று சொல்லவில்லை. பூஜ்யத்தை எடுத்துவிடலாம், பதிவை நான் சரியாகக் கவனிக்கவில்லை என்று மட்டும் முனகினேன்.

"எடுத்துத்தான் ஆகணும். இந்தப் பொண்ணு பேசினதுக்கு நான் மார்க் போட்டா நூறு போடுவேன்" என்ற மேலாளர், பேனாவை எடுத்துக்கொண்டு அவளைப் பார்த்தார். "நம்பர் நமக்கு மறைச்சுத்தான் இருக்கும். நான் கேட்டா திறந்து குடுப்பாங்க. யாருன்னு பார்த்து கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதிடவா?"

நம்பர் வந்தால் மனைவி பெயர் வரும், விலாசம் வரும். என் ஏழு வருஷமும் எதிரில் இருந்தவள் சொல்லப்போகும் ஒரு வார்த்தையில் தொங்கிற்று. பத்து நிமிஷம் முன்புவரை அவள் வேலை என் பேனாவில் தொங்கிக்கொண்டிருந்தது. அப்போது எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

"வேணாம் மேடம்" என்றாள் அவள். "விட்டுடுங்க. அன்னிக்கு வீட்டுல தண்ணி வந்துடுச்சு, பாவம், ஏதோ கோவம்."

நான் மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போட்டது எப்படி என்று ஞாபகம் இல்லை. மற்ற இரண்டு பூஜ்யங்கள்தான் மனதில் ஓடின. அவற்றின் நீலக் கோட்டில் யார் யார் என்னென்ன பேசியிருந்தார்களோ? நான் கேட்கவே இல்லை.

வெளியே தாழ்வாரத்தில், குடிதண்ணீர் மெஷின் அருகே அவள் பாட்டிலை நிரப்பிக்கொண்டிருந்தாள். இப்போதாவது சொல்லிவிடுவது என்று போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டால் ஐந்து மார்க் என்று எத்தனை பேருக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன்! எந்த வார்த்தையில் தொடங்குவது என்றே தெரியவில்லை.

"உங்ககிட்ட ஒண்ணு..." என்று ஆரம்பித்தேன்.

அவள் திரும்பினாள். முகத்தில் கோபம் இல்லை, கிண்டலும் இல்லை. மாதாமாதம் என் எதிரே உட்கார்ந்து, நான் வெட்டிய மார்க்குக்கெல்லாம் காரணம் கேட்டுக்கொண்டு போகும் பெண். என் குரல் அவளுக்குத் தெரியாமல் இருக்குமா? அது இவ்வளவு நேரமும் எனக்கு உறைக்கவே இல்லை.

"பாப்பா இப்ப ஏழாம் வாய்ப்பாடு சரியா சொல்றாளா சார்?" என்று கேட்டாள்.

ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. தொழில் பழக்கம், எண்ணிவிட்டேன். அத்தனை விநாடியும் அவள் எனக்காகப் பொறுமையாக நின்றாள். பிறகு பாட்டிலை மூடிக்கொண்டு, "வர்றேன் சார்" என்று சொல்லிவிட்டுத் தன் இருக்கைக்குப் போனாள்.