நாலு வசனம்

அபாயச் சங்கு ஊளையிட்டதும் வெட்டுக்கூடத்தில் இருந்த அத்தனை கத்திகளும் மேசைகளில் விழுந்தன. ஈரத் தரையில் ரப்பர் பூட்ஸ் வழுக்க, ஒருத்தி தோளை ஒருத்தி பற்றிக்கொண்டு பெண்கள் வாசலுக்கு ஓடினார்கள். மெர்லித்தா மட்டும் ஓடவில்லை. ஓட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. வேகவைத்த சூரை மீனின் கறுத்த சதையை வழித்துப் பூனைத் தீவனத் தட்டில் போட்டாள். வெள்ளைச் சதையை டப்பாத் தட்டில் அடுக்கினாள்.

சும்மா சோதனைதான் என்று மேற்பார்வையாளர் கத்தவும் எல்லாரும் திரும்பி வந்தார்கள்.

"வெளிநாட்டு ஆளுங்க பார்க்க வந்தா சங்குக்கும் தொண்டை தொறக்குது," என்றாள் பக்கத்து மேசை நோர்மிங் அக்கா. "போன செவ்வாக்கிழம அதுக்குச் சளி புடிச்சிருந்துச்சுபோல."

யாரோ சிரித்தார்கள். மெர்லித்தாவைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு அடங்கியது.

போன செவ்வாய்க்கிழமைதான் குளிர்கிடங்கில் அமோனியாக் குழாய் வெடித்தது. சங்கு ஊதவில்லை. மீன் திருட்டுப் போகிறது என்று கிடங்குக் கதவை வெளியிலிருந்து பூட்டி வைப்பது ஆலையின் வழக்கம். சாவி வந்து சேர்வதற்குள், உள்ளே இருந்த மெர்லித்தாவின் தங்கை ஆர்சேலிக்கு நெஞ்சு வெந்துபோயிருந்தது. ஆறு நாளாக மருத்துவமனையில் தொண்டைக் குழாயோடு கிடக்கிறாள்.

மூன்று மணி அடித்தது. ஜெனரல் சாந்தோஸ் துறைமுகத்தில் எல்லா ஆலைகளிலும் இந்த நேரத்தில் கை நின்றுவிடும். ஒருத்தி ஒலிபெருக்கியில் ஜெபம் சொல்வாள். இந்த வாரம் மெர்லித்தாவின் முறை. விபத்திலிருந்து காத்ததற்கு நன்றி சொல்லும் ஜெபம் ஒன்றை அலுவலகத்தில் தட்டச்சடித்துக் கொடுத்திருந்தார்கள். அவள் அதை மடித்து ஏப்ரன் பையில் வைத்தாள். தினமும் தங்கையின் கட்டிலருகே வாசிக்கும் பதின்மூன்றாம் சங்கீதத்தை எடுத்தாள். இன்னும் எத்தனை நாள் என்னை மறந்திருப்பீர் என்று ஆண்டவரைக் கேட்கும் சங்கீதம் அது. அழாமல், குரல் ஏறாமல், சாமான் பட்டியல் படிப்பதுபோலப் படித்தாள். சாவு உறக்கம் என்னைப் பிடிக்காதபடி என் கண்ணுக்கு வெளிச்சம் தாரும், எதிரி என்னை ஜெயித்தேன் என்று சொல்ல விடாதேயும் என்பதோடு நிறுத்திவிட்டு ஒலிவாங்கியை வைத்தாள்.

ஆமென் சொல்லாமலே பெண்கள் கத்திகளை எடுத்தார்கள். மாடிக் கண்ணாடிக்குப் பின்னால் வெளிநாட்டு விருந்தாளிகள் புன்னகையோடு தலையாட்டினார்கள். அவர்களுக்குப் பாஷை தெரியாது.

நிர்வாக அதிகாரி டெல்மா மேடத்துக்குத் தெரியும். அரை மணி நேரத்தில் கூப்பிட்டு அனுப்பினாள். மேசையில் மெர்லித்தாவின் ஒப்பந்தத் தாள் இருந்தது. பழைய ஐந்து மாத ஒப்பந்தம் சனிக்கிழமையோடு முடிகிறது. புதியதில் கையெழுத்து விழவில்லை. அது விழாவிட்டால் அவள் வீட்டில் வேலைக்குப் போக இனி ஆள் இல்லை.

டெல்மா திட்டவில்லை. கலமான்சி என்ற சிறு எலுமிச்சை பிழிந்த தண்ணீரை நகர்த்தி வைத்துக் குடிக்கச் சொன்னாள். அம்மா படுக்கையில் கிடந்தபோது தானும் அதே சங்கீதத்தைத்தான் சொன்னதாகச் சொன்னாள். எதிரி என்று மெர்லித்தா யாரைச் சொன்னாள் என்று கேட்கவும் இல்லை.

"அதுல ஆறு வசனம் இருக்கு மெர்லி. நீ நாலோட நிறுத்திட்ட. கடைசி ரெண்டும் எவ்வளவு சந்தோஷமான வசனம். ஆண்டவர் நன்மை செஞ்சார், பாடுவேன்னு வருது. நாளைக்கும் அவங்க இருப்பாங்க, மொழிபெயர்க்கவும் ஒருத்தர் வர்றார். அந்த ரெண்ட மட்டும் வாசிச்சிடு. நான் இன்னைக்கே கையெழுத்துப் போட்டுடறேன். பைபிள்ல இல்லாததையா சொல்லச் சொல்றேன்?"

மெர்லித்தா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்ணில் மீன் செதில் ஒட்டியிருந்தது. கலமான்சித் தண்ணீரை அவள் தொடவில்லை.

"சொல்லு, ஏன் நாலோட நிறுத்தின?"

"தெனமும் அங்கதான் நிறுத்துறேன். அவ இன்னும் கண்ணு முழிக்கல, மேடம்."