லோகாம்பாள் வீட்டு ஆயில் இஞ்சின்

அந்தோணியின் ஆயில் இஞ்சின் ரிப்பேர் கடைக்கு வருகிறவர்களில் இஞ்சினுக்கு என்ன கோளாறு என்று கேட்க வந்தவர்கள் குறைவு. சொல்ல வந்தவர்கள்தான் அதிகம். வண்டியிலிருந்து இஞ்சினை இறக்கும் முன்பே, "பம்புதாம்பா போச்சு, வேற ஒண்ணுமில்ல" என்பார்கள். திருப்புட்குழி தணிகாசலம் இன்னும் ஒரு படி மேலே போனார். இஞ்சினைத் தானே பிரித்து, பாகங்களைக் கோணிப்பையில் கட்டி, சைக்கிளில் கொண்டுவந்து கடை வாசலில் கொட்டினார்.

"பிரிக்கிற வேலைய உனக்கு மிச்சம் பண்ணிட்டேன்" என்றார் பெருமையாக.

அந்தோணி அரை நாள் குந்தியிருந்து பொறுக்கி அடுக்கிப் பார்த்தபோது இரண்டு வாஷரும் ஒரு ஸ்பிரிங்கும் குறைந்தன. கேட்டதற்கு, "இஞ்சின்ல அவ்ளோதான் இருந்துச்சு" என்று சாதித்துவிட்டார் தணிகாசலம்.

மெட்ராசுக்கு ஐந்து குதிரைசக்தி இஞ்சின் ரிங் வேண்டுமென்று எழுதினால் எட்டு குதிரைசக்தி ரிங் வந்து சேரும். திருப்பி அனுப்பினால் மறுபடியும் எட்டே வரும். இவற்றையெல்லாம் விடப் பெரிய தொல்லை புகை. கடை இருந்தது பெரிய காஞ்சிபுரத்தில், நெசவாளர் தெரு ஒன்றின் முனையில். காலை வேளையில் தெரு நெடுக, தறியில் ஏற்ற வேண்டிய பட்டுநூல் பாவை நீட்டிக் கட்டி, இழை இழையாகச் சரிபார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்த நேரத்தில் இஞ்சினை ஓட்டினால் கரும்புகை பட்டின் மேல் போய்ப் படியும். பக்கத்து வீட்டு ஆதிகேசவன் சண்டைக்காரர் இல்லை. ஆனால் இஞ்சின் சத்தம் கேட்ட மறுநிமிடம் துண்டை உதறிக்கொண்டு வந்து நிற்பார்.

"அந்தோணி, பாவு இருக்குதுபா" என்பார். அவ்வளவுதான் சொல்வார். அந்தோணி அணைத்துவிடுவான்.

அதனால் ரிப்பேர் ஆன இஞ்சினைக் கடையில் பத்து நிமிடத்துக்கு மேல் ஓட்டிப் பார்க்க முடிவதில்லை. இருந்தும் அந்தப் பத்து நிமிடம் அவனுக்குப் பிடிக்கும். ராணிப்பேட்டையில் ஒரு ஒர்க்ஷாப்பில் எட்டு வருடம் வேலை பழகிவிட்டு வந்து சொந்தமாகக் கடை போட்டவன். ஹேண்டிலைச் சுற்றிவிட்டதும் இஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு ஒரே சீராக ஓடத் தொடங்கும்போது, அதுவரை பட்ட எரிச்சலெல்லாம் எங்கே போனதென்று தெரியாது.

எழுபத்து மூன்றாம் வருடம் சித்திரை மாதம் ஓரிக்கை லோகாம்பாள் தன் இஞ்சினை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தாள். அவள் கணவர் அப்பாதுரை லாரி ஓட்டுகிறவர், மாதத்துக்கு இரண்டு நாள் வீட்டில் இருந்தால் அதிகம். இரண்டு ஏக்கர் நிலத்தையும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். கரண்டுக் கம்பம் அவள் நிலம் வரை இன்னும் வரவில்லை. கிணற்றில் தண்ணீர் இருந்தது. இறைப்பதற்கு இந்த இஞ்சின்தான்.

"நல்லா ஓடிக்கினே இருக்குது, அப்புறம் நின்னு பூடுது" என்றாள்.

வந்தவர்களில் அவள் ஒருத்திதான் இன்ன கோளாறு என்று தீர்ப்புச் சொல்லாமல், நடந்ததை மட்டும் சொன்னவள். அந்தோணிக்கு அதுவே மரியாதையாக இருந்தது. டீசலைப் பீய்ச்சும் நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தான், வால்வைத் தேய்த்தான், ஆணியில் தொங்கிய தன் டப்பாவிலிருந்து குழாய் போட்டு டீசல் கொடுத்து ஓட்டிக் காட்டினான். கிண்ணென்று ஓடியது. நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள்.

ஐந்தாம் நாள் வண்டி திரும்ப வந்தது. அதே குறை. டீசல் பம்பைப் பிரித்து மாட்டினான். கடையில் ஓடியது, வயலில் நின்றது. மூன்றாம் முறை வண்டி வந்தபோது தெருவில் பாவு கட்டிக்கொண்டிருந்தவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். லோகாம்பாள் இறங்கி நேராகக் கடைக்குள் வந்தாள். குரலை உயர்த்தவில்லை.

"இஞ்சின இறக்க வாணாம். இந்தத் தபா நீ வண்டில ஏறு. அங்க வந்து குந்திக்கினு பாரு. நாத்து காயுதுபா."

கடையில் ஐந்து இஞ்சின்கள் பிரித்துக் கிடந்தன. அன்றைக்குத் தருவதாக மூன்று பேருக்குச் சொல்லியிருந்தான். அவளிடம் நாளைக்கு வருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தான். காய்கிற நாற்று நினைவுக்கு வந்தது. ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு, கடைக் கதவைச் சாத்திவிட்டு வண்டியில் ஏறினான்.

கிணற்றை ஒட்டிய ஓலைக் கொட்டகையில் இஞ்சினை இறக்கி, மேடையில் பொருத்தி, சுவரில் மாட்டியிருந்த டேங்கிலிருந்து டீசல் குழாயை இணைத்தான். ஹேண்டிலைச் சுற்றினான். முதல் சுற்றிலேயே பிடித்துக்கொண்டது. தண்ணீர் தொட்டியில் விழுந்து வாய்க்காலில் ஓடியது.

"பாத்தீங்களாம்மா?" என்றான்.

"குந்து" என்றாள் அவள், மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மடை திருப்பப் போனாள்.

முக்கால் மணி நேரம் கழித்து இஞ்சின் மெல்லச் சுருதி இறங்கி, இரண்டு முறை விக்கி, நின்றது. அந்தோணிக்கு முகம் சுண்டிப்போனது. எல்லாம் தொட்டுப் பார்த்தான். டீசல் தீர்ந்துவிட்டதோ என்று டேங்கு மூடியைத் திருகினான். புஸ்ஸென்று ஒரு சத்தம் வந்தது. உள்ளே அரை டேங்கு இருந்தது. மூடியைப் போட்டு ஹேண்டிலைச் சுற்றினான், உடனே ஓடியது. ஏன் நின்றது, ஏன் ஓடியது, இரண்டும் விளங்கவில்லை.

பகல் உணவு நேரம் வந்தது. அந்தோணியின் அப்பா இந்தப் பக்கத்து வயல்களில் கூலிக்கு நடவு நட்டவர். அந்தக் காலத்தில் அவருக்குத் தட்டு கிடையாது; கூழைக் கையேந்திக் குடிக்க வேண்டும், அதுவும் வரப்பில் நின்றுகொண்டே. அவன் கை கழுவிவிட்டு வெளியே நின்றான். லோகாம்பாள் ஒரே மாதிரி இரண்டு எவர்சில்வர் தட்டுகளில் சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் போட்டு, ஒன்றை அவனிடம் கொடுத்தாள். "வெயில்ல ஏன் நிக்கிற, உள்ள வா" என்று கொட்டகை நிழலிலிருந்த தொட்டிச் சுவரில் தானும் உட்கார்ந்துகொண்டாள். சாப்பிட்டு முடிக்கும் முன் இஞ்சின் மறுபடி நின்றது.

அந்தோணி எச்சில் கையோடு எழுந்து போய் இடது கையால் டேங்கு மூடியைத் திருகினான். அதே புஸ். இந்த முறை அவனுக்குப் பொறி தட்டியது. மூடியைத் திருப்பிப் பார்த்தான். உள்பக்கத்தில் சைக்கிள் டியூபை வட்டமாக வெட்டி ஒட்டியிருந்தது. வெளிப்பக்கம் இருந்த சிறு துவாரத்தில் மெழுகு.

"இத யாரும்மா வெச்சது?"

"நான்தான். டீசல்ல தூசி துரும்பு, ஒரு சொட்டுத் தண்ணிகூட எறங்கக் கூடாதுன்னு பொங்கலப்போ இஞ்சின ரிப்பேருக்குக் கொண்ணாந்தப்ப நீதானே சொல்லி அனுப்பின. கொட்டாய் ஒழுகுது. அதான் போன மாசம் ஓட்டைய அடைச்சேன்."

அந்த ஓட்டை வழியாகத்தான் டேங்குக்குள் காற்றுப் போக வேண்டும். காற்றுப் போகாவிட்டால் டீசல் கீழே இறங்காது. கடையில் அவன் தன் டப்பாவைப் போட்டுப் பத்து நிமிடம் ஓட்டினான். இந்த டேங்கை அவன் ஒரு நாளும் பார்க்கவில்லை, கேட்கவுமில்லை.

லோகாம்பாளுக்கு இஞ்சினைப் பற்றி எதுவும் தெரியாது. உள்ளே ஒரு சாமான் மாறியிருந்தது, சரி செய்துவிட்டேன் என்று சொன்னால் நம்புவாள். ஒரு நிமிடம் அப்படிச் சொல்லிவிடலாமா என்றுதான் இருந்தது அவனுக்கு. பிறகு மூடியை அவள் கையில் கொடுத்து, உள்ளதை உள்ளபடி சொன்னான்.

"நான் சொன்னது அரையும் குறையுமா பூட்ச்சி. நீங்க அத முழுசாச் செஞ்சிருக்கீங்க. தப்பு என்னுதுதாம்மா."

அவள் மூடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ இஞ்சினுக்கு ஒண்ணுமே இல்லியா?"

"மொதல்லேருந்தே ஒண்ணும் இல்ல."

வேப்பமர நிழலில் அசைபோட்டுக்கொண்டிருந்த மாடுகளை அவள் பார்த்தாள். "இத அதுங்க கிட்டத்தான் நீ சொல்லணும். மூணு தபா இழுத்துச்சிங்க" என்றாள். சொல்லிவிட்டு அவளே சிரித்துவிட்டாள். அவன் டியூபைப் பிய்த்து, மெழுகைக் குத்தி எடுத்தான். மழைத் தண்ணீர் இறங்காமலிருக்க டேங்குக்கு மேலே ஒரு தகரத்தைச் சாய்த்துக் கட்டினான். சாயங்காலம் வரை இஞ்சின் நிற்கவே இல்லை. கடைசிப் பாத்திக்குத் தண்ணீர் பாயும் வரை அவனும் கிளம்பவில்லை.

பக்கத்து நிலத்து அர்ஜுனன் வந்து நின்றார். விஷயம் அவருக்கு எட்டியிருந்தது. சிரிக்கப் போகிறார் என்று நினைத்தான் அந்தோணி. "இப்படி இடத்துல வந்து பாக்கறதாயிருந்தா என் இஞ்சினையும் ஒரு நாளு வந்து பாரேன்பா" என்றார் அவர்.

வீட்டில் மனைவி மரியம்மாளிடம் சொன்னபோது அவள் சிரித்துச் சிரித்து அடுப்பங்கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவனுக்கும் கோபம் வரவில்லை. இனி வாரத்தில் செவ்வாய்க்கிழமை கடையைச் சாத்திவிட்டு ஊர் ஊராகப் போய்ப் பார்க்கப்போவதாகச் சொன்னான். மறுநாள் இதைக் கேட்ட ஆதிகேசவன், கேட்ட இடத்திலேயே, நீளமான பாவையெல்லாம் இனி செவ்வாயில் வைத்துக்கொள்வதென்று முடிவு செய்துவிட்டார்.

முதல் செவ்வாயன்று மரியம்மாளும் சைக்கிள் கேரியரில் ஏறிக்கொண்டாள். அர்ஜுனன் இஞ்சினில் நாசில் அடைத்திருந்தது, அவ்வளவுதான். பத்து மணிக்கே வேலை முடிந்தது. கடையில் அத்தனை இஞ்சின்கள் பிரித்துக் கிடப்பது அந்தோணிக்கு நினைவில்லாமல் இல்லை. மரியம்மாள் லோகாம்பாளோடு கத்தரித் தோட்டத்தில் பேசிக்கொண்டு நின்றாள், பேச்சு முடிகிற மாதிரி தெரியவில்லை. அவன் சட்டையைக் கழற்றிக் கொட்டகை மேல் போட்டுவிட்டு, பம்புத் தண்ணீர் விழும் இடத்தில் தலையை நீட்டினான்.