பலகைக்கு அந்தப் பக்கம்

நான் வரைகிற எந்தக் கட்டடத்திலும் ஒரு சுவர் மட்டும் உள்ளே காலியாக வந்துவிடும். இரண்டு பலகை, நடுவில் காற்று. "மறுபடியும் உங்க பேய்ச் சுவரா மேடம்?" என்று இன்ஜினியர் இளிப்பான். "வாயை மூடிக்கிட்டு வேலையைப் பாருப்பா" என்பேன். அவனிடம் போய் அக்கா கதையைச் சொல்ல முடியுமா?

சின்ன வயதில் எங்கள் வீட்டில் அறை ஒன்றுதான். நடுவில் பலகை அடித்து இரண்டாக்கியிருந்தார்கள். அக்காவுக்கு ஒட்டுகிற காய்ச்சல். அவள் அந்தப் பக்கம், அம்மாவும் நானும் இந்தப் பக்கம். அங்கே எட்டிக்கூடப் பார்க்கக்கூடாது என்று எனக்குக் கண்டிப்பு. அவள் இரண்டு தட்டு தட்டுவாள். தூங்கிட்டியா என்று அர்த்தம். இல்லை என்பதற்கு நான் ஒரு தட்டு. ஒரு காலையில் நான் தட்டிக்கொண்டே இருந்தேன், பதிலே இல்லை. அம்மா வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். அதற்கப்புறம் வீட்டில் அக்கா பேச்சே கிடையாது.

போன மாதம் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்தாள். இனி தனியாக விடாதீர்கள் என்றார் டாக்டர். அவளுக்கென்றே என் வீட்டில், என் அறையை ஒட்டி ஒரு அறை கட்டினேன். நடுவில் அதே காலிச் சுவர். கிழவி மசிந்தால்தானே!

"ஒரு மத்தியானம் படுத்துப் பார்க்கறேன். பிடிக்கலைன்னா வண்டியைக் கூப்பிடு. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காதே."

படுத்தாள். பக்கத்து அறையில் நான் வரைபடத்தை விரித்தபடி உட்கார்ந்திருந்தேன். போய்விடுவாளோ என்ற நினைப்பில் ஒரு கோடுகூட ஓடவில்லை. யோசனையில் என் விரல் சுவரை இரண்டு தட்டு தட்டியிருக்கிறது. பாழாய்ப்போன பழக்கம்.

அந்தப் பக்கமிருந்து ஒரு தட்டு வந்தது.

"பெரியவளே," என்றாள் அம்மா. "இன்னும் தூங்கலையாடி?"

பென்சிலைக் கீழே வைத்தேன்.

"அன்னைக்கு ராத்திரி நீ தட்டினது கேட்டுச்சு. அசதியில அப்படியே கிடந்துட்டேன். தண்ணிக்குத்தான் தட்டினியோ என்னவோ."

அம்மா, நான் சின்னவள் என்று சொல்ல வாயெடுத்தேன். சொன்னால் எழுந்து போய்விடுவாள். மறுபடி இரண்டு தட்டினேன்.

"சரி சரி, நான் எங்கேயும் போகலை. இனிமே இங்கேதான்," என்றாள். பிறகு குரலைத் தணித்துக்கொண்டாள்.

"சின்னவகிட்ட மட்டும் சொல்லிடாதே. பயந்துடுவா."